பெயிண்ட் அடிக்கிற கைக்குப் படம் வராதா? முகாமில் ஓவியக் குழு தொடங்க முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் முகாமில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் வாசலுக்கு வாசல் பெயிண்ட் வாளி கிடக்கும். உட்கார ஒன்று, தண்ணீர் பிடிக்க ஒன்று, கறிவேப்பிலைக் கன்று நட ஒன்று. கும்மிடிப்பூண்டி பக்கம் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேல் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களில் எங்கே போய்க் கேட்டாலும் ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்டிங் வேலைதான் சோறு போடுகிறது. 'அகதி ஓவியர்' என்று யாராவது சொன்னால் வெளியே இருப்பவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது, எனக்குச் சாரத்தில் நின்று நாலாவது மாடி வெளிச்சுவரில் ரோலர் ஓட்டுகிற ஆள்தான் கண்ணில் வருவார். நானும் அப்படி நின்றவன்தான். 1990இல் கைக்குழந்தையாகப் படகில் வந்து, பத்தாம் வகுப்போடு பிரஷ்ஷைப் பிடித்தவன்.

சில வருடங்களாக எங்கள் முகாமில் பன்னிரண்டு, பதினைந்து பேர் ஞாயிறுதோறும் கூடிப் படம் போடுகிறோம். மற்ற முகாம்களில் இருக்கிற சொந்தக்காரர்கள் எப்படித் தொடங்கினீர்கள், எவ்வளவு ஆகும், யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். மூக்கு எப்படி வரைவது, நிழல் எப்படிப் போடுவது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு யூடியூப் இருக்கிறது. பத்துப் பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரமும் வந்து, அதற்கடுத்த வாரமும் வர என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே.

முதலில் இடமும் நேரமும்

படம் வரைய என்ன அனுமதி என்று கேட்பீர்கள். வரைய வேண்டாம்தான், ஆனால் முகாமில் பத்துப் பேர் வாராவாரம் ஒரே இடத்தில் கூடினால் யாராவது ஒருவர் எங்கேயாவது சொல்லத்தான் செய்வார். ஆகவே முதல் நாளே முகாம் தலைவரிடம் சொல்லிவிட்டு, முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். 'ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை சமுதாயக் கூடத்தில் சிறுவர்களும் பெரியவர்களும் படம் வரைகிறோம்' என்றால் போதும். 'கலை வழியாக அடையாளம்' என்று நாங்கள் முதல் கடிதத்தில் எழுதப் போய், என்ன அடையாளம், யாருடைய அடையாளம் என்று மூன்று வாரம் கேள்வி கேட்டார்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து நமக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் என்பது உங்களுக்கும் தெரியும். கடிதத்தில் அந்தப் பெயரையே போடுங்கள்.

நேரத்தை நன்றாக யோசித்து வையுங்கள். பெயிண்டர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அதுவும் காலையில் தூக்கம், மத்தியானம் கறிச்சோறு. நாலு மணிக்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள். பெண்கள் வர வேண்டுமென்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தோடு மோதக்கூடாது. அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளிலும், அரசு உதவிப்பணம் தரும் பணக்கொடை நாளிலும் எதையும் வைக்காதீர்கள், அன்றைக்கு எல்லோருடைய மனசும் வரிசையில்தான் நிற்கும். கூடம் கிடைக்காவிட்டால் மரத்தடி போதும். நாங்கள் முதல் ஐந்து மாதம் புளியமரத்துக்குக் கீழேதான் இருந்தோம், படத்தின் மேல் புளியம்பூ விழுந்து ஒட்டிக்கொண்டதை ஒருத்தி அப்படியே விட்டுவிட்டாள், அது இன்னும் அந்தப் படத்தில் இருக்கிறது.

யாரைக் கூப்பிடுவது

'ஓவியப் பயிற்சி, அனைவரும் வருக' என்று நோட்டீஸ் ஒட்டினால் சின்னப் பிள்ளைகள் மட்டும் நாற்பது பேர் வருவார்கள், பெரியவர்கள் ஒருவரும் வரமாட்டார்கள், ஒரு மாதத்தில் அது டியூஷன் ஆகிவிடும். பெரியவர்களை வீடு வீடாகப் போய்த்தான் கூப்பிட வேண்டும். அதுவும் 'படம் வரைய வாங்கண்ணே' என்று கூப்பிட்டால் 'எனக்கென்ன வயசு' என்று சிரிப்பார்கள். 'மிச்சம் இருக்கிற பெயிண்டை என்ன செய்யலாம்னு பாப்பம், வாங்க' என்று நான் கூப்பிட்டேன். வந்தார்கள்.

முகாமில் மூன்று வகை ஆட்கள் ஏற்கெனவே ஓவியர்கள், அவர்களுக்கே அது தெரியாது. போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார், பிளக்ஸ் வந்தபிறகு வேலை போனவர், ஆனால் எழுத்தில் கை நடுங்காது. கோலம் போடுகிற பெண்கள், புள்ளிக் கணக்கை மனசிலேயே வைத்திருப்பவர்கள். அப்புறம் வண்ணம் கலக்கத் தெரிந்த பெயிண்டர். ஷேடு கார்டைப் பார்த்து, நிறம் ஏற்றுகிற ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாலேயே பொருத்துகிற ஆளுக்கு நிறத்தைப் பற்றி ஓவியக் கல்லூரிக்காரன் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? இந்த மூவரையும் முதலில் பிடியுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள்.

குடித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது? நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் பிரஷ் கையில் கொடுக்க மாட்டோம். ஒரு அண்ணன் எட்டு வாரம் வெறுமனே உட்கார்ந்து பார்த்தார், ஒன்பதாவது வாரம் குடிக்காமல் வந்து பிரஷ் கேட்டார். பத்தாவது வாரம் குடித்துவிட்டு வந்தார், அதுவும் உண்மைதான்.

சாமான்

கையில் காசு இருந்தால் கடையில் போய் அக்ரிலிக் டியூபும் கான்வாஸும் வாங்கலாம். இல்லாவிட்டால் நம் தொழிலிலேயே எல்லாம் இருக்கிறது. சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர், சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, காவி என்று ஐந்து ஸ்டெய்னர் சின்ன பாட்டில், இதை வைத்து பத்துப் பேர் மாதக்கணக்கில் ஓட்டலாம். எமல்ஷனும் அக்ரிலிக் வகைதான், தண்ணீரில் கரையும், காய்ந்தால் கரையாது. ஸ்டெய்னரை அளவுக்கு மேல் ஊற்றினால் மட்டும் வம்பு: படம் காயாமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இரண்டும் போச்சு. அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் ஸ்டெய்னரைக் கூட்டாதீர்கள், கடையில் 'டீப் பேஸ்' கேட்டு வாங்குங்கள், அதில் வெள்ளை குறைவு.

வரைவதற்குக் காடாத் துணி. மாவுக்கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைத்து, பழைய கதவுச் சட்டத்திலோ அட்டையிலோ இழுத்துக் கட்டி, வாட்டர் பிரைமரைத் தண்ணீர் விட்டு இளக்கி ஒரு கோட், காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து இன்னொரு கோட். முதல் கோட்டைக் கெட்டியாக அடித்தால் துணியைச் சுருட்டும்போது படம் பாளம் பாளமாக வெடிக்கும். சிப்காட் கம்பெனிகளிலிருந்து வரும் தடித்த அட்டைப்பெட்டியும் நல்லதுதான், ஆனால் இருபக்கமும் பிரைமர் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அப்பளம் மாதிரி வளையும்.

இனி இரண்டு விஷயம், இதில் விளையாட்டு வேண்டாம். பழைய கதவு, ஜன்னல்களில் இருக்கும் எனாமல் பெயிண்டைப் பிள்ளைகளை விட்டுச் சுரண்ட விடாதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டின் தூளில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? அடுத்தது கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உடைந்த துண்டு கிடக்கிறது, வழவழப்பாக இருக்கிறது, படம் போடலாமே என்று எடுத்துத் தேய்க்கக்கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பெயிண்டை இளக்குகிற தின்னர், டர்பன்டைன் பக்கமும் போக வேண்டாம். வாரம் ஆறு நாளும் அதை மோந்ததே போதும்.

முதல் நாலு வாரம்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளியிலிருந்து நல்ல மனசோடு வருகிறவர்கள் முதல் நாளே, 'உங்கள் வலியை வரையுங்கள்' என்கிறார்கள். வலியை ஏன் வரைய வேண்டும்? வந்து உட்கார்ந்தவனுக்கு அன்றைக்கு வேலை கொடுத்தவன் கூலி தராத கோபம் இருக்கலாம், பசி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். படகு, முள்வேலி, அழுகிற அம்மா என்று எல்லோரும் ஒரே படத்தைப் போட்டுத் தருவார்கள். பார்க்க வந்தவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருடமாக விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் இல்லையா.

முதல் வாரம் நிறம் மட்டும். ஒரு பொருளைக் காட்டி, அதன் நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள். நாங்கள் மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்றை நடுவில் வைத்தோம். காவியா, கறுப்பா, உள்ளே கொஞ்சம் சிவப்பா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை, கடைசியில் ஒரு அக்கா நீலம் ஒரு சொட்டு விட்டார், சரியாக வந்தது. அன்றைக்கு யாரும் 'நான் வரையத் தெரியாதவன்' என்று சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் எதையும் வரையவே இல்லை.

இரண்டாவது வாரம் கை. அவரவர் இடது கையை வைத்து வெளிக்கோடு இழுத்து, உள்ளே இருக்கிற தழும்பு, காப்பு, பெயிண்ட் கறை எல்லாவற்றையும் போட வேண்டும்.

மூன்றாவது வாரம் வீட்டின் தரைப்படம். இந்த யோசனை என்னுடையது இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றோடு தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். அதை ஒருமுறை பார்த்தேன், மறக்கவில்லை. தரைப்படம் யாருக்கும் வரும், சதுரம் போடத் தெரிந்தால் போதும். பெயிண்டருக்கு இன்னும் சுலபம், எஸ்டிமேட் போட அறையை அளந்து அளந்து பழகியவர்.

எங்கள் வரிசையில் ஒரு அம்மம்மா, எழுபத்தைந்து வயது இருக்கும், மன்னார்ப் பக்கம். மார்க்கர் பிடிக்கவே யோசித்தவர், அரை மணி நேரத்தில் தாள் முழுக்க நிரப்பிவிட்டார். நடுவில் ஒரு பெரிய வட்டம். ஓரத்தில் வீடு தீப்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தது.

"இது என்ன அம்மம்மா, வீட்டை விடப் பெரிசா?"

"கிணறு தம்பி."

"இவ்வளவு பெரிய கிணறா?"

"அங்கதானே எந்த நேரமும் நிண்டது. வீட்டுக்குள்ள போறது படுக்க மட்டுந்தான்."

அப்புறம் கிணற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டு, 'தோய்க்கிற கல்' என்று பேத்தியை எழுதச் சொன்னார். தண்ணீர் இறைக்கிற துலா போட்டார், வாழை போட்டார், வேலியில் பூவரசு போட்டார். பேத்தி முகாமிலேயே பிறந்தவள், துலா என்றால் என்ன என்று கேட்டாள், அம்மம்மா கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் வாத்தியார் வாயைத் திறக்கக்கூடாது.

நாலாவது வாரம் முகாமில் பிறந்தவர்களுக்கு. அவர்களிடம் ஊரை வரை என்று கேட்டால் சினிமாவில் பார்த்த தென்னை மரம்தான் வரும். அவர்கள் ஊர் இதுதான். சூளூர்ப்பேட்டை லோக்கல் ரயில், ஜி.என்.டி. சாலையில் லாரி வரிசை, கம்பெனிப் புகை, பழவேற்காட்டுப் பக்கம் போனபோது பார்த்த பூநாரை, தெலுங்கில் எழுதிய கடைப் பலகை. ஒரு பையன் ஆரம்பாக்கம் தாண்டி இருக்கும் எல்லைச் சோதனைச்சாவடியை வரைந்தான், கம்பத்தின் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, கம்பத்தின் மேல் ஒரு காக்கா. அவனிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காக்காவை அழித்திருப்பான்.

யாராவது அழுதால்

அழுவார்கள். தரைப்படம் வாரத்தில் கட்டாயம் ஒருவர் அழுவார், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத ஆள். எங்கள் குழுவில் நாலு விதி. ஒருவர் எழுந்து வெளியே போனால் உடனே பின்னால் ஓடக்கூடாது, கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மட்டும் தேத்தண்ணியோடு போகலாம். 'என்ன நடந்தது' என்று கேட்கக்கூடாது. அந்த நேரத்தில் போனை எடுக்கவே கூடாது, படமோ வீடியோவோ எதற்கும். படத்தை முடிக்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, கிழிக்க விரும்பினால் கிழிக்கட்டும்.

நாம் டாக்டர்கள் இல்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் படத்தை வைத்துவிட்டு அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த எண்ணை நாங்கள் பெயிண்ட் அலமாரிக் கதவில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். போர்டு எழுதுகிற அண்ணன் அதற்கு நிழல் எழுத்தெல்லாம் போட்டுவிட்டார், கொஞ்சம் அதிகம்தான்.

படத்தைப் பற்றிப் பேசுவது

கடைசி இருபது நிமிடம் எல்லாப் படத்தையும் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுங்கள். வரைந்தவர் வாயைத் திறக்கக்கூடாது, மற்றவர்கள் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு' தடை. 'நல்லா இல்லை'யும் தடை. 'அந்த மூலையில மட்டும் ஏன் பச்சை' என்று கேட்கலாம். இதற்குப் பழக இரண்டு மாதம் ஆகும், முதலில் எல்லோரும் வெட்கப்பட்டு தரையைப் பார்ப்பார்கள். ஆனால் வேலை செய்கிற இடத்தில் ஓனர் ஒருவர்தான் சுவரைப் பார்த்துக் குறை சொல்வார், இங்கே பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் படத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கிறார். குழு நிலைத்து நின்றதற்குக் காரணம் இந்த இருபது நிமிடம்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எல்லை தாண்டி ஒரு பயணம்: காளஹஸ்தி

ஆந்திர எல்லையில் இருப்பதில் எங்களுக்கு ஒரு லாபம், ஸ்ரீகாளஹஸ்தி பக்கம். கூடூர் போய் ரயில் மாறினால் போதும். துணியில் இயற்கைச் சாயத்தால் படம் போடுகிற கலம்காரியை அங்கே இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள். மசூலிப்பட்டினம் பக்கம் மரஅச்சு வைத்து ஒற்றுவது, காளஹஸ்தியில் பேனா.

முகாமிலிருந்து வெளி மாநிலம் போக முன்னதாகவே அனுமதி எழுதிக் கேட்டுவிடுங்கள், பெயர், வயது, போகும் நாள், திரும்பும் நேரம் எல்லாம் போட்டு. நாங்கள் ஏழு பேருக்குக் கேட்டோம், ஆறு பேருக்கு வந்தது. ஏழாவது ஆளின் தாள் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டது, யார் மேசை என்று கடைசி வரை தெரியவில்லை. வராமல் போனது மாசிக் கருவாட்டுக்கு நீலச் சொட்டு விட்ட அதே அக்கா. அதனால் பார்த்ததை எல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆளாளுக்கு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தோம், இப்போது உங்களுக்கும் அந்த நோட்டுதான்.

காடாத் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். பாலில் இருக்கும் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் கோடு. பேனா என்பது சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குக் கொஞ்சம் மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும், மையில் தோய்த்து அந்தச் சுற்றை விரலால் அமுக்கினால் மை இறங்கும், அமுக்குகிற அளவுதான் கோட்டின் தடிப்பு. கறுப்பு மை துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் போட்டுப் பானையில் மூடி இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டது. பானையில் அது கறுப்பாகவே இருக்காது, கடுக்காய்த் துணியில் பட்டவுடன்தான் கறுக்கும். இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் பூசி, சாயத்தில் போட்டு வேகவைத்தால் பூசின இடம் மட்டும் சிவப்பு பிடிக்கும். மஞ்சளுக்கு மாதுளைத் தோல், நீலத்துக்கு அவுரி. நடுநடுவே ஓடுகிற தண்ணீரில் அலசல்.

அங்கே இருந்த பெரியவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும், எங்கள் பையன்களுக்குத் தெலுங்கு கொஞ்சம் தெரியும், மீதி கையால். எங்கள் போர்டு அண்ணன் மூங்கில் பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தார். பெரியவர் கோட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், "பாகுந்தி" என்றார், நன்றாக இருக்கிறதாம். ரயிலில் திரும்பி வரும்போது அண்ணன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முகாமுக்குத் திரும்பியதும், எங்களோடு வர முடியாமல் போன அக்காவின் வீட்டுப் பின்புறத்தில்தான் துருப் பானையைப் புதைத்தோம். பெயிண்ட் வாளியே போதும், சாரத்தில் கழற்றின பழைய ஆணி, துண்டுக் கம்பி, பனைவெல்லம். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீடுகளில் பஞ்சாயத்து ஆனது, அதனால் நீங்கள் தொடங்கினால் வீடுகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சுவரில் போடுவது

2021இல் முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது, பல முகாம்களில் வீடு வந்துவிட்டது. புது வீடு என்றால் புதுச் சுவர், பெயிண்டருக்குக் கை துறுதுறுக்கத்தானே செய்யும். ஆனால் புதுப் பூச்சுக்கு மேல் அவசரப்பட்டுப் படம் போட்டால் ஆறு மாதத்தில் உரியும். நாலு வாரமாவது காயவிடுங்கள். கடல் பக்கம் என்றால் உப்புப் பூத்திருக்கும், வெள்ளையாகப் பொரிந்ததை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு எக்ஸ்டீரியர் பிரைமர், அதற்கு மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷனால்தான் படம். இன்டீரியர் மிச்சம் இருக்கிறதே என்று வெளிச்சுவரில் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் படம் தெருவுக்கு ஓடிவிடும். சின்னத் தாளில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கைக் கட்டத்தைச் சுவரில் நீலப்பொடி தடவிய கயிற்றைத் தட்டி எடுத்தால் எவ்வளவு பெரிய படமும் கோணாது.

இதை விட முக்கியம், சுவர் யாருடையது என்பது. வீட்டு ஆம்பளையிடம் கேட்டுவிட்டு மயில் ஒன்று போட்டோம், வீட்டுக்கார அம்மா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்கென்று ஒரு வெள்ளைச் சுவர் கிடைத்திருந்தது. மூன்றாம் நாள் நாங்களே மயிலுக்கு மேல் வெள்ளை அடித்துக் கொடுத்தோம், இரண்டு கோட், கூலி இல்லாமல்.

பாதுகாத்து வைப்பது

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், தேதி, முகாம். பெயர் போட விருப்பமில்லாதவர் ஒரு குறியாவது போட வேண்டும். இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செக் நாட்டு தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கிருந்த யூதப் பிள்ளைகளுக்குப் படம் கற்றுக்கொடுத்தார். கிடைத்த தாளில், அலுவலகப் படிவத்தின் பின்பக்கத்தில்கூட. எல்லோரும் படத்தில் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் பழக்கம். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள், அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் விட்டுப்போன இரண்டு சூட்கேஸில் சுமார் 4,500 படங்கள் இருந்தன, இப்போது பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யார் வரைந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. நம் நிலைமை அது இல்லை, ஒப்பிடவும் நான் வரவில்லை. பெயர் எழுத இரண்டு வினாடிதான் ஆகிறது என்று சொல்ல வந்தேன்.

எங்களிடம் சூட்கேஸ் இல்லை. முதலில் மரப்பெட்டியில் வைத்திருந்தோம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து முப்பது படத்துக்கு மேல் கட்டியாக ஒட்டிக்கொண்டன. பிரித்து எடுக்கப் பார்த்ததில் மிச்சமும் கிழிந்தது. இப்போது நாலு அங்குல பி.வி.சி. குழாய், இரண்டு பக்கமும் மூடி. துணிப் படத்தை வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, நடுவில் பழைய வேட்டித் துண்டு கொடுத்து, குழாய்க்குள் போட்டு, கூரைச் சட்டத்தில் கயிற்றால் தொங்கவிட்டிருக்கிறோம். உள்ளே சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும், வெளியே சுருட்டினால் கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். அட்டைப் படங்களைச் சுருட்ட முடியாததால், விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, போனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து மூன்று பேர் போனில் வைத்திருக்கிறோம்.

காட்டுவதும் விற்பதும்

முதல் கண்காட்சி முகாமுக்குள்ளேயே வையுங்கள், கொடிக்கயிற்றில், பொங்கல் நாளாகப் பார்த்து. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியில் கண்காட்சிக் கூடம் இருக்கிறது, வாடகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதெல்லாம் இரண்டு வருடம் கழித்து. அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்காத படத்தை அசலூர்க்காரர் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வெளியே காட்டக் கூப்பிடுகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: படம் திரும்பி வருமா, விற்றால் காசு யாருக்கு எத்தனை நாளில், பலகையில் என்ன எழுதுவீர்கள். 'அகதியின் கண்ணீர்' என்று எழுதப்போகிறவர்களுக்கு நாங்கள் படம் கொடுப்பதில்லை. மாசிக் கருவாடு படத்துக்கு அந்தத் தலைப்பைப் போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

படம் விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலைக்குக் குழுவைக் கொண்டுபோகாதீர்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கிராமத்தை உருவாக்கியபோது, நிலம் வாங்கக் காசு ஓவியத்தை விற்று வரவில்லை, மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றதில் வந்தது. ஓவியத்தைத் தனியாக, யாருக்கும் பயப்படாமல் போட்டுக்கொண்டார்கள். நமக்கும் அது பொருந்தும். விற்பதற்கு என்று கலம்காரித் துணிப்பை, பெயர்ப்பலகை, குழந்தை அறைச் சுவர்ப்படம் வைத்துக்கொள்ளலாம். சுவர்ப்படத்துக்கு வெள்ளையடிக்கும் கூலியை விட நன்றாகவே கேட்கலாம், எங்கள் பையன்கள் இரண்டு பேர் இப்போது அதை மட்டுமே செய்கிறார்கள்.

விலை போடக் கணக்கு இதுதான்: வேலை செய்த நேரத்தை நாள் கூலியாக மாற்றுங்கள், சாமான் செலவைக் கூட்டுங்கள், அதற்கு மேல் பாதி. நாள் கூலி 1,000, மூன்று நாள் வேலை, சாமான் 400 என்றால் 3,400, அதோடு பாதி சேர்த்து 5,100. அதற்குக் கீழே தரக்கூடாது, 'சேவைக்காக' என்று பேரம் பேசினாலும்தான். ஐந்தில் ஒரு பங்கு குழு டப்பாவுக்கு, மீதி வரைந்தவருக்கு, அன்றைக்கே, நோட்டில் கையெழுத்தோடு.

போன பொங்கலுக்கு அம்மம்மாவின் கிணற்றை ஒருவர் கேட்டார், நாங்கள் போட்ட விலைக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். அம்மம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அதைக் குடுத்திட்டு நான் எங்க தண்ணி அள்ளுறது?"

விலைப்பட்டியலில் அந்த வரிசைக்கு நேரே கோடு போட்டு, பக்கத்தில் 'விற்பனைக்கு இல்லை' என்று போர்டு அண்ணனை எழுதச் சொன்னோம். நிழல் எழுத்து வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.